லீஃப் ஷெட்டைப் பூச்சிமருந்து குடோனுக்கு விடலாமா? கீழே ஊற்று இருக்கிறது

ஷெட்டுக்காரன் · ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் டீ. தோட்டத்தின் மேல் விளிம்பில், பறித்த இலையைப் போட்டு வைக்கிற அப்பா காலத்து லீஃப் ஷெட் ஒன்று நிற்கிறது. 30 அடிக்கு 18 அடி, தகரக் கூரை, சிமெண்ட் தரை. ஃபாக்டரி வண்டி இப்போது ரோட்டிலேயே இலையை எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவதால் நாலு வருஷமாக அது சும்மா கிடக்கிறது. கோழி அடைகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். குடோனாக விட்டால் மாதம் 9,000 தருகிறேன் என்கிறார். என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். "மருந்துதான் தம்பி. கொஞ்சம் உரம். ஊராட்சிகளுக்கு சப்ளை பண்ணுகிற பிளீச்சிங் பவுடர் முப்பது மூட்டை. பாலிஹவுஸ்காரர்கள் சொட்டுநீர்க் குழாய் கழுவக் கேட்கிற ஆசிட் பத்து கேன்" என்றார். பச்சை இலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 9,000 எனக்குச் சின்னத் தொகை இல்லை.

ஆனால் ஷெட்டுக்கு நேர் கீழே, நாலு மட்டம் (படிப்படியாக வெட்டிய தோட்டத் தளம்) தாண்டி, ஓர் ஊற்று இருக்கிறது. எங்களையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்கு அதிலிருந்துதான் ஹோஸ் போகிறது. இந்த மாதிரிப் பொருள்களை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று மலைப் பகுதிக்கு விதி இருக்கிறதா? குடிநீரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்?


தண்ணிவண்டி · ஞாயிறு, இரவு 9:31

வாடகைக்கு விடுவதற்கு முன்னால் விதி கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மற்றவர்கள் எல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான் இங்கே வந்து எழுதுவார்கள்.


குன்னூர் வரைபடம் · ஞாயிறு, இரவு 10:48

தம்பி, நான் வரைபடம் போட்டு அப்ரூவலுக்கு அலைகிற தொழில்காரன். என் பக்கத்துச் சங்கதியை மட்டும் சொல்கிறேன். மருந்து பற்றித் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

முதலில் நிலத்தின் வகை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் கீழ் மாஸ்டர் பிளான் உள்ள பகுதி என்றால், உங்கள் சர்வே எண் எந்த உபயோகத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று பிரித்திருப்பார்கள். அபாயகரமான பொருள்களுக்கென்று "சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்" என்று தனி உபயோகமே விதியில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சமவெளித் தொழிற்பேட்டைகளை மனதில் வைத்து எழுதியது. டீ தோட்டத்து மூலையில் ஒரு தகர ஷெட்டை எழுதியவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

லீஃப் ஷெட் என்பது விவசாயத்துக்குத் துணைக் கட்டடம். நாளைக்கு அதில் வியாபாரச் சரக்கு ஏறினால், செங்கல் ஒன்றைக்கூட நகர்த்தாவிட்டாலும், உபயோகம் மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். நம் ஆட்களுக்கு மலை விதி என்றாலே 7 மீட்டர் உயரம் மட்டும்தான் ஞாபகம் வரும். உயரத்தைத் தொடவில்லையே, எனக்கு என்ன என்று இருந்துவிடுவார்கள்.

அடுத்தது ஹாக்கா. 1990இல் அரசு அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம். உங்கள் வருவாய் கிராமம் அந்தப் பட்டியலில் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று கருத்துக் கேட்டுக் கோப்பு சுற்றும். அவர்கள் பார்ப்பது மண் சரியுமா, மரம் போகுமா, சரிவு எவ்வளவு என்பதைத்தான். உள்ளே என்ன சரக்கு என்பது அவர்கள் கேள்வியில் பெரிதாக வராது.

மூன்றாவது, ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ வாங்க வேண்டிய தொழில் உரிமம். பழைய ஆட்கள் "டி அண்டு ஓ லைசென்ஸ்" என்பார்கள். அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம். உங்கள் ஷெட்டில் நடக்கப் போவது நேராக இதில்தான் வந்து விழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபம் சொல்லவும் இதுதான் வாசல்.

ஊற்றிலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரே எண்ணை யாராவது சொன்னால், எந்த விதி, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். சும்மா சொல்கிறவர்கள்தான் அதிகம்.


உரக்கடை · திங்கள், காலை 6:55

நான் கடைக்காரன். ஊட்டிப் பக்கம் இருபது வருஷமாக மருந்து விற்கிறேன். எங்கள் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டுமே.

பூச்சிமருந்துச் சட்டம் 1968, அதன் விதிகள் 1971. லைசென்ஸ் ஆளுக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும் சேர்த்துத்தான். கடை ஓர் இடம், குடோன் வேறு இடம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். ஆகவே அந்த வியாபாரியிடம் முதல் கேள்வியாக "குடோனுக்கு லைசென்ஸ் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு தம்பி, பத்து நாள் சரக்குதானே" என்று சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வைக்கும் முறைக்கு 36ஆம் விதி. மருந்தை மற்றப் பொருள்கள் வைக்கிற அறையில் வைக்கக் கூடாது, தனி அறை வேண்டும், குறைவான அளவு என்றால் பூட்டுப் போட்ட தனி அலமாரி. அறை நன்றாகக் கட்டியதாக, ஈரம் இல்லாமல், வெளிச்சமும் காற்றும் உள்ளதாக இருக்க வேண்டும். இவ்வளவுதான். மீட்டர் கணக்கு அதில் கிடையாது. வரைபடம் அண்ணன் சொன்னது சரி.

"ஈரம் இல்லாமல்" என்கிற அந்த ஒரு வார்த்தையை ஜூலை மாதம் கோத்தகிரியில் நின்று படித்துப் பாருங்கள். சிரிப்பு வரும். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மேன்கோசெப் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அடுக்கின் நடுவில் உள்ள மூட்டையில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். ஒருமுறை நானே அப்படிக் கண்டுபிடித்து ராத்திரியோடு ராத்திரியாக அடுக்கைப் பிரித்திருக்கிறேன். அன்றிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குவதில்லை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் படாமல் மரப் பலகை மேல்தான்.

இன்னொன்று. எங்களைத் திட்டுகிறவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் களைக்கொல்லி கேன் வைக்காத விவசாயி வீடு எத்தனை இருக்கிறது?


மேட்டுக்காட்டு அக்கா · திங்கள், காலை 7:20

உரக்கடை அண்ணா, எங்கள் வீட்டில் இல்லை. பாத்ரூம் பரணில் இருக்கிறது. அது இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது.


பழைய மணியோசை · திங்கள், காலை 11:15

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஷெட்டுக்காரத் தம்பி எழுதியதில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி, மருந்து பற்றியது இல்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒரே கூரைக்கு அடியில் என்கிறாரே, அதுதான்.

பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் கொட்டினால் குளோரின் வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி சரிவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். சமவெளியில் ஒரு குடோனைச் சுற்றி வட்டம் போட்டு "இதற்குள் வீடு கூடாது" என்று சொல்லிவிடலாம். மலையில் அந்த வட்டத்துக்கு அர்த்தமே இல்லை. உங்கள் ஷெட்டுக்கு மேலே 20 மீட்டரில் இருப்பவன் தப்பிப்பான், கீழே 200 மீட்டரில் தூங்குகிறவன் மாட்டுவான். அதுவும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரி குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும். காலையில் கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விறகடுப்புப் புகையே எழும்ப முடியாமல் ஓட்டு மேலேயே படுத்துக் கிடக்கும்.

பிளீச்சிங் பவுடருக்கு வேறு குணமும் உண்டு. எண்ணெய், டீசல், கந்தகத் தூள், மரத்தூள் எது பட்டாலும் சூடேறித் தீப்பிடிக்கலாம். யூரியாவோடு, அம்மோனியா உரத்தோடு சேரவே கூடாது. பாலிஹவுஸ் சரக்கில் பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் வரும். அவை தானாக எரியாது, ஆனால் எரிகிற எதற்கும் ஊதி விடுகிற சாதி. ஆகவே மருந்து, உரம், பிளீச்சிங், ஆசிட் நாலும் நாலு அறை. ஒரே அறையில் நாலு மூலை என்பது கணக்கில் வராது.

பவர் ஸ்ப்ரேயருக்கு வாங்கின பெட்ரோலையும் அதே ஷெட்டில் வைப்பார்கள், பார்த்திருக்கிறேன். பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம் என்பது உண்மை. யாருக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று அந்த 30 லிட்டர் சொல்லாது.

மருந்து குடோன் தீப்பிடித்தால் நாங்கள் வந்து தண்ணீர் அடிப்போம். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு அப்புறம் வாடகை பேசுங்கள்.


தண்ணிவண்டி · திங்கள், மதியம் 12:02

ஐயா, பெரிய விதி ஒன்று இருக்கிறதே. போபாலுக்குப் பிறகு வந்தது. ஆபத்தான ரசாயனங்கள் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டினால் வேலை முடிந்ததே?


குன்னூர் வரைபடம் · திங்கள், மதியம் 1:30

போபால் 1984 டிசம்பர். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. அதன் கீழ் ஆபத்தான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989. நீங்கள் சொல்வது இதைத்தான். நல்ல விதி, ஆனால் பெரிய மீனுக்கான வலை. குளோரின் என்றால் 10 டன் இருப்பு வைக்கிற இடத்துக்குத்தான் அதன் கனமான பகுதிகள் ஆரம்பிக்கும், பாதுகாப்பு அறிக்கை எல்லாம் 25 டன்னுக்கு மேல். பெய்ரூட்டில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்த அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன். அதைப் பார்த்துவிட்டு இங்கே மணலியில் கிடந்த ஏறக்குறைய 700 டன்னை ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த அளவுக் கதை அது.

நம் ஷெட்டில் முப்பது மூட்டையும் பத்து கேனும். எந்தப் பெரிய விதியின் வாசலையும் அது தொடாது. சின்ன விதிகளோ ஆளுக்கு ஒரு துண்டு பார்க்கும். மருந்தைத் தோட்டக்கலைத் துறை ஆய்வாளர் பார்ப்பார், உரத்தை உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 பார்க்கும், கட்டடத்தை நாங்கள், தீயை ஐயா. நாலும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஊற்றுக்கு மேலே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு மேஜையும் இல்லை.


கொடைமூடுபனி · திங்கள், மாலை 5:40

பழனி மலைக்காரன் நான். எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இந்த இழை நிறைவடையாது.

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் மூடி, இயந்திரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1983 வாக்கில் எங்கள் மேட்டில் நிறுத்தினார்கள். 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆட்களும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016இல் 591 தொழிலாளர்களோடு சமரசம். மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் மிஞ்சலாமா கூடாதா என்கிற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது.

இங்கே இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த இடம்தான். வரைபடத்தில் அது ஊர் ஓரத்து மேடு. ஆனால் அந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. சோலைத் தண்ணீர் இறங்கிப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளிக்கப் போகிற இடம். இடம் பிடிக்கிறபோது மேட்டின் மேலே நின்று பார்த்தார்கள். கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.


உரக்கடை · திங்கள், இரவு 8:05

கொடை நண்பரே, பாதரசமும் என் கடைச் சரக்கும் ஒன்று இல்லை. பாதரசம் என்றைக்கும் பாதரசம். இப்போதைய மருந்துகளில் பெரும்பாலானவை வெயில், மண் பட்டு நாளடைவில் சிதைந்துவிடும். பயமுறுத்தியே எங்களை விரட்டிவிட்டால் விவசாயி மேட்டுப்பாளையம் போய் ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைப்பான். லைசென்ஸ் உள்ள ஒரு குடோன் ஆபத்தா, லைசென்ஸ் இல்லாத நூறு கட்டில் ஆபத்தா?


மேட்டுக்காட்டு அக்கா · திங்கள், இரவு 9:25

கட்டில் கேள்வி நல்ல கேள்விதான் அண்ணா, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாளடைவில் சிதைவது குடிக்கிறவளுக்கு என்ன ஆறுதல்? தண்ணீர் அன்றைக்கே வந்துவிடுகிறதே.

எங்கள் மேல்காட்டுக்காரர் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சாக்கோடு ஷெட் திண்ணையில் வைத்திருந்தார். தென்மேற்கு மழை நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலை காரட் கழுவ வாய்க்காலுக்குப் போகிறேன், தண்ணீர் வெளிர்நீலம். கன்றுக்குட்டிக்குப் போட்ட பால்டாயில் டப்பா கவிழ்ந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் சாக்கு தட்டையாகக் கிடக்கிறது, அதிலிருந்து கோடு போட்ட மாதிரி நீலம் எங்கள் மட்டம் வரை. நிறம் இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. நிறமே இல்லாத சரக்காக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் அன்று சோறு ஆக்கியிருப்பேன்.

தம்பி, அவர் ஷெட்டுக்கும் எங்கள் வாய்க்காலுக்கும் டேப் வைத்து அளந்தால் நூறு மீட்டருக்கு மேல் வரும். நீங்கள் மீட்டர் கேட்காதீர்கள். உங்கள் ஷெட் தரையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்து பாருங்கள்.


ஷெட்டுக்காரன் · செவ்வாய், காலை 8:15

அக்கா, ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். பக்கத்து வீடுகளுக்குச் சொல்லி ஹோஸைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

வியாபாரியைப் போனில் பிடித்தேன். குடோன் லைசென்ஸ் எடுக்கத் தயாராம். வாசலில் ஒரு திட்டு கட்டிக்கொள்ளலாம், கொட்டினாலும் வெளியே போகாது என்கிறார். அது போதுமா?


பழைய மணியோசை · செவ்வாய், காலை 10:40

திட்டு நல்லது. கொட்டுகிற சரக்குக்குப் போதும். பெரிய கேன் எதுவோ அதன் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தீக்கு இந்தக் கணக்கு பத்தாது.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். 30க்கு 18 அடி என்றால் ஏறக்குறைய 50 சதுர மீட்டர். வாசலில் 10 சென்டிமீட்டர் திட்டு வைத்தால் உள்ளே 5,000 லிட்டர் நிற்கும். அதுவும் ஷெட் காலியாக இருந்தால். பலகையும் மூட்டையும் இடத்தைப் பிடித்தது போக 4,000 என்று வையுங்கள். எங்கள் வண்டி ஒன்று கொண்டுவருவதே 4,500 லிட்டர் அளவில். முதல் வண்டி காலியாவதற்குள் உங்கள் திட்டு வழிந்துவிடும். அப்புறம் மருந்து கரைந்த தண்ணீர் நாலு மட்டம் இறங்க எவ்வளவு நேரமாகும்?

1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்தில் பாசல் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. தீயை அணைத்துவிட்டார்கள், திறமையாகவே அணைத்தார்கள். அடித்த தண்ணீர் பெரும்பாலும் ரைன் நதியில் இறங்கி, ஆறு சிவப்பாக ஓடி, விலாங்கு மீன் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் செத்தது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் தீயணைப்புத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி வேண்டும் என்று கறாராகக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் பயிற்சியில் இதைப் பாடமாகவே கேட்டிருக்கிறேன். சின்னக் கிடங்கு என்றால் சில நேரம் எரிய விட்டுவிட்டு, சுற்றி இருக்கிறவர்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவதே மேல்.

இன்னொரு கேள்வி. உங்கள் ஷெட் வரை வண்டி வருமா?


ஷெட்டுக்காரன் · செவ்வாய், காலை 10:58

ஜீப் வரும் ஐயா. லாரி ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து ஒரு ஃபர்லாங்.


தண்ணிவண்டி · செவ்வாய், காலை 11:20

அப்படியென்றால் திட்டு வழியாது. தண்ணீரே வராது.


குன்னூர் வரைபடம் · செவ்வாய், இரவு 7:50

மண் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 நவம்பரில் கேத்தியிலும் குன்னூர்ப் பக்கமும் மலை இறங்கியது, நாற்பதுக்கும் மேல் உயிர் போனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இந்த இரண்டு தேதிக்குப் பிறகு நான் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் அதன் பின்சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன். மலையை வெட்டி அதிலேயே முதுகைச் சாய்த்துக் கட்டிய சுவர் என்றால், மண் வருகிறபோது சரக்கும் சேர்ந்துதான் வரும். தம்பியின் பின்சுவர் எப்படி?


ஷெட்டுக்காரன் · செவ்வாய், இரவு 8:10

வெட்டிக் கட்டியதுதான். ஜூனிலிருந்து கசியும். பாசி இருக்கிறது.


உரக்கடை · செவ்வாய், இரவு 8:45

சரி, நான் இறங்கி வருகிறேன். முதுகு கசிகிற சுவர் என்றால் நானே அந்த இடத்தை எடுக்க மாட்டேன். மூட்டை தாங்காது. வியாபாரி ஏன் இங்கே வருகிறார் என்றால், கோத்தகிரி டவுனில் வாடகை இரண்டு பங்கு, அதோடு பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்கள். ஆள் இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று எங்கள் தொழிலில் ஒரு நினைப்பு இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.


கொடைமூடுபனி · புதன், காலை 7:05

வாடகைக்கு விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உரம் மட்டும், அதுவும் நைட்ரேட் இல்லாத உரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடலாமே? பின்சுவரைச் சரி செய்த பிறகு.


மேட்டுக்காட்டு அக்கா · புதன், காலை 7:30

எழுதி வாங்கலாம். பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?


ஷெட்டுக்காரன் · ஞாயிறு, மாலை 4:35

செய்து பார்த்துவிட்டேன். எழுதக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், பெரிதாகப் போகும்.

பதினோரு வீட்டிலும் சொல்லி நேற்று ராத்திரியே தொட்டிகளை நிரப்பிக்கொண்டு, காலையில் ஹோஸைக் கழற்றினோம். சுவருக்கு அடிக்கிற காவி ஒரு பொட்டலம் வாங்கி வந்து பத்துக் குடம் தண்ணீரில் கரைத்தேன். ஷெட் நடுவில் நின்று ஊற்றினேன். தம்பி செல்போனில் நேரம் பார்த்தான்.

முதல் இரண்டு குடம் அப்படியே நின்றது. தரை மட்டமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது குடத்துக்குத் தென்மேற்கு மூலை குடிக்க ஆரம்பித்தது. அங்கே இலை கழுவுவதற்காக அப்பா விட்ட ஓட்டை, சாம்பல் அடைத்துக் கிடந்தது, எனக்கு மறந்தே போயிருந்தது. காவித் தண்ணீர் சாம்பலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கல் வாய்க்காலைப் பிடித்தது. முதல் மட்டத்தில் டீச்செடி வேருக்குள் காணாமல் போய்விட்டது. அவ்வளவுதான், மண் குடித்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. கீழ் மட்டத்தில் நின்ற அம்மா "இங்கே வருதுடா" என்று கத்தினாள். தடுப்புக் கல்லுக்கு அடியிலிருந்து விரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. போன வார மழையில் மண் ஏற்கெனவே வயிறு நிரம்பி இருந்திருக்கிறது.

ஊற்றுக் குழிக்குள் முதல் சிவப்பு வந்தபோது தம்பி போனைக் காட்டினான். பதினெட்டு நிமிஷம்.

பதினோரு வீட்டுப் பெண்களும் குழியைச் சுற்றி நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. மேல் வீட்டுப் பெரியம்மா மட்டும் என்னைப் பார்த்து "ஒம்பதாயிரமா தர்றான்?" என்று கேட்டாள்.

சாயங்காலமே வியாபாரிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. ரோட்டோரத்தில் வேறு இடம் பார்க்கிறாராம். அங்கே கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சரி என்றார், பார்ப்பாரா தெரியாது.

இப்போது வேறொரு பிரச்சினை. ஷெட்டைக் காலி பண்ணும்போது பரணில் ஒரு தகர டின் கிடைத்தது. அப்பா வைத்தது. துரு. லேபிளைப் பூச்சி தின்றுவிட்டது, சிவப்பு முக்கோணத்தில் ஒரு பாதியும் மண்டை ஓட்டின் தாடையும் மட்டும் மிச்சம். அடியில் ஈரப் பிசுக்கு. இதை என்ன செய்வது? குழி தோண்டிப் புதைத்துவிடலாமா?


பழைய மணியோசை · ஞாயிறு, மாலை 4:50

திறக்காதீர்கள். முகர்ந்து பார்க்காதீர்கள். கோழிகளை வெளியே விரட்டுங்கள்.


உரக்கடை · ஞாயிறு, மாலை 5:15

சிவப்பு என்றால் நச்சில் முதல் வகுப்பு, அடுத்ததுதான் மஞ்சள், நீலம், பச்சை. காலி டின்னை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று விதி சொல்லும், ஆனால் இது காலி டின் இல்லை. உங்கள் மலையில் எங்கே புதைத்தாலும் பதினெட்டு நிமிஷம்தான் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மூடி இறுகுகிற பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். அடியில் ஒரு சாண் உலர்ந்த மணல். டின்னைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடியே இறக்கி, சுற்றிலும் மணல். பிசுக்கு பட்ட பலகையில் மணல் தூவிக் கூட்டி, அதையும் அதே டிரம்மில் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். அப்புறம் தோட்டக்கலை அலுவலகத்தில் போய், இப்படி ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ள வழி சொல்லுங்கள் என்று எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். நான் கூட வருகிறேன், புதன்கிழமை கடை விடுமுறை.


ஷெட்டுக்காரன் · செவ்வாய், இரவு 7:40

டிரம் வாங்கி இறக்கியாச்சு. மேலே பெயிண்டில் "விஷம், தொடாதே" என்று எழுதினேன். அம்மாவுக்கு அது போதவில்லை, அடியில் ஒரு மண்டை ஓடு வரைந்திருக்கிறாள். பார்க்கக் கோழி மாதிரி இருக்கிறது.

புதன் காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் அண்ணா.


மேட்டுக்காட்டு அக்கா · செவ்வாய், இரவு 8:30

தம்பி, ஊற்று தெளிந்ததா?


ஷெட்டுக்காரன் · செவ்வாய், இரவு 8:42

இன்று மதியம்தான் அக்கா. குழி ஓரத்துக் கல்லில் மட்டும் இன்னும் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. ஹோஸை நாளைக்கு மாட்டுவோம்.